கை நனைக்காத விருந்தாளி

அந்த ஜன்னல் திரையக் கொஞ்சம் இழுத்து விடுதியளாம்மா? வெயில் நேரா மூஞ்சியில அடிக்கு. இது சுரண்டை பஸ்ஸுதான? நான் ஊருக்கு முன்னாடியே புளியங்குடியிருப்பு விலக்குல இறங்கணும். நீங்க சுரண்டையேவா? சுரண்டையில எந்தத் தெரு? சரி, சொல்லாட்டா பரவாயில்ல, பேச்சுக்குக் கேட்டேன்.

எதுக்குப் போறேன்னு கேளுங்களேன். யாராவது கேட்டாத்தான எனக்கும் மனசு ஆறும். ஒரு வாய் தண்ணி குடிக்கப் போறேன். நிசமாத்தான். பாளையங்கோட்டையில எங்க வீட்டுக் குழாயத் திறந்தா தாமிரபரணி கொட்டுது. அதை விட்டுட்டு, எங்க வீட்டுல பாத்திரம் தேச்சவ வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க பஸ் ஏறியிருக்கேன். நான் பெத்த மகாராணி உத்தரவு.

ஒரே மக எனக்கு. மிருணாளினி. பதினொண்ணு முடிச்சிட்டா. அவ பள்ளிக்கூடத்துல மாணவர் பரிமாற்றம்னு ஒண்ணு கொண்டுவந்தாவ. சீமையிலேர்ந்து பிள்ளையள் வந்து நம்ம வீடுகள்ல ரெண்டு வாரம் தங்கும், பெறவு நம்ம பிள்ளையள் அங்க போய் அதே வீடுகள்ல தங்கும். பெண் குடுத்துப் பெண் எடுக்க மாதிரின்னு வைங்களேன். என் நாத்தனார் மகன் அமெரிக்காவுல இருக்கான். அவ வாயத் திறந்தா 'எம்மவன் அமெரிக்கா' இல்லாம ஒரு வாக்கியம் முடியாது. நல்ல காரியத்துக்கு வந்தாலும் அமெரிக்கா, துட்டிக்கு வந்தாலும் அமெரிக்கா. அதனால எம்மக சீமைக்குப் போயே ஆகணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். பிள்ளைக்கு நாலு விஷயம் தெரியட்டும்னுதான், வேற என்ன.

வந்தது எட்டுப் பிள்ளையள். எல்லாம் மான்செஸ்டர்ல ஒரே பள்ளிக்கூடம். யூதர்ன்னாவ. எனக்கு யூதர்னா யாருன்னு எங்க தெரியும்? எதுத்த வீட்டு டெய்சி டீச்சர்கிட்ட கேட்டேன். 'பைபிள்ல வாரவங்கல்லா'ன்னா. 'அப்ப அவுக இன்னும் இருக்காவளா டீச்சர்'ன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. தெரியாததைக் கேட்டா தப்பாம்மா?

எங்க வீட்டுக்கு வந்த பிள்ளை பேரு தமார். நான் தாமரைன்னே கூப்பிட்டேன். பதினாறு வயசு, சுருட்டை முடி, குணம்னா தங்கம். முதல் நாளே 'வணக்கம் அம்மா'ன்னு கையக் கூப்புச்சு. அவுக வாரதுக்கு முந்தியே பள்ளிக்கூடத்துல எங்களைக் கூட்டி வச்சுச் சொன்னாவ: இந்தப் பிள்ளையளுக்குச் சாப்பாட்டுல கட்டுப்பாடு உண்டு, பாத்திரத்துலயும் உண்டு, அதனால ஒரு புதுத் தட்டும் தம்ளரும் தனியா எடுத்து வச்சிருங்கன்னு. நான் எந்திரிச்சே சொன்னேன், 'தனியா வைக்கதுக்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் சார், அதெல்லாம் நாங்க சுத்தம்'னு. டவுன்ல போயி நல்ல கனமான எவர்சில்வர்ல வாங்கி, முன்கட்டுத் தார்சாவுல கண்ணாடி பீரோவுக்குள்ள வச்சேன்.

ஆனா என்ன கட்டுப்பாடுன்னு எனக்கு ஒருத்தரும் விவரமாச் சொல்லலம்மா. நாங்க சுத்த சைவம். முட்டை வாசனைகூட எங்க வாசப்படி மிதிச்சதில்ல. எங்க அடுக்களையில சாப்பிட யாருக்கு என்ன தடை இருக்க முடியும்? முதல் நாள் சொதி வச்சேன். என் சொதிக்கு எங்க சொந்தத்துல ஒரு பேரு உண்டு, நானே சொல்லக் கூடாது. தேங்காய்ப்பால் மூணு தடவை பிழிஞ்சு, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும் வச்சு, இலை போட்டுக் கூப்பிட்டா அந்தப் பிள்ளை வந்து பக்கத்துல நின்னு மோந்து பாத்து, 'ரொம்ப நல்ல வாசனை அம்மா'ங்கு. உக்காரு தாயின்னா உக்கார மாட்டேங்கு. மிருணா சொல்லுதா, 'அவ நம்ம சட்டியில சமைச்சது சாப்பிட மாட்டாம்மா, அவுக வழக்கம்'னு.

வாசனைய மட்டும் தின்னுட்டுப் போச்சு. வேற எவளாவது எம்மூஞ்சிக்கு நேர அப்படிச் சொல்லியிருந்தா ஜென்மத்துக்கும் முகத்துல முழிச்சிருக்க மாட்டேன்.

பெறவு தாமரையே கொண்டாந்த சின்ன மின்சார அடுப்புல, கொண்டாந்த சட்டியில, சோறு பொங்கித் தின்னுச்சு. தேங்காய், வாழைப்பழம், அதுவும் உரிக்காத பழம். முட்டை அவிச்சுக்கிடலாமான்னு கேட்டுச்சு. இந்த வீட்டுல முட்டையான்னு நான் பதறவும், 'சரி அம்மா, வேண்டாம்'னு சிரிச்சிட்டே விட்டுருச்சு. அதைச் சொல்லணும், வளத்த வளப்பு அப்படி. ஆனா மத்ததெல்லாம் என்ன பைத்தியக்காரத்தனம்ங்கிய! அவுக வீட்டுல பாலுக்கு ஒரு செட்டுப் பாத்திரம், கறிக்கு ஒரு செட்டாம். கழுவுத தொட்டிகூட ரெண்டாம். கேட்டா, சாமி சொல்லியிருக்காம். சாமிக்கு வேற சோலி இல்லியா? எங்க வீட்டுலயும்தான் பூசைப் பாத்திரம் தனி, தயிர்ப் பானை தனி, தீட்டுக்கு எடுக்க பாத்திரம் தனி, ஊறுகாய் ஜாடிய நான் தவிர ஒருத்தர் தொடக்கூடாது. அது சுத்தம். அதுல ஒரு அர்த்தம் இருக்கு. அந்தப் பிள்ளை சொல்லுதது வெறும் பிடிவாதம்லா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு ஏத்துச்சு. மெழுகுவத்திதான், இருந்தாலும் வெள்ளிக்கிழமை விளக்கு ஏத்துதாளேன்னு எனக்குக் குளுந்து போச்சு. ஏத்தின பெறவு மறுநா பொழுது அடையுத மட்டும் சுவிட்சத் தொடாது, அடுப்புப் பத்த வைக்காது. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இந்தக் காலத்துல இப்படியும் மூடத்தனமான்னு நான் மிருணாகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன், டெய்சி டீச்சர் வந்து கொஞ்சம் உப்பு கேக்கா. விளக்கேத்தின பெறவு வெள்ளிக்கிழமை உப்புக் குடுப்பாவளாம்மா யாராவது? திருப்பி அனுப்பிட்டேன். எம்மக ஏனோ விழுந்து விழுந்து சிரிச்சா.

இப்ப முப்பிடாதிக்கு வாரேன். நான் தண்ணி குடிக்கப் போறது அவ வீட்டுக்குத்தான். எங்க வீட்டுல ரொம்ப வருஷமா வேலை பாத்தவ. காலையில வந்து பாத்திரம் தேச்சு, புறவாசல் கூட்டி, பள்ளிக்கூடம் போற நேரத்துக்கெல்லாம் கிளம்பிருவா. அவளுக்கு நான் ஒரு குறை வச்சதில்ல. காலையில காப்பி, இட்லி. தீவாளிக்குச் சேலை. போன பொங்கலுக்குப் புதுத் தட்டும் தம்ளருமே வாங்கிக் குடுத்தேன், கடை ஸ்டிக்கர்கூட அதுல அப்படியே இருந்துச்சு. அதை அவ புறவாசல் கட்டைச் சுவர்மேல கழுவிக் கவுத்திட்டுப் போவா. நான் அதைத் தொட மாட்டேன். காப்பிய உசக்கத் தூக்கி ஊத்துவேன். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இதுக்கு முன்ன ஒரு வார்த்தை வந்ததில்ல. எல்லா வீட்டுலயும் உள்ளதுதான?

இந்த வயித்தெரிச்சலக் கேளுங்க. சொதி அன்னிக்கு வந்த கோவத்துல நான் பீரோவுக்குள்ள இருந்த புதுத்தட்ட வெளிய எடுக்கவேயில்ல. எங்க சோத்தத் தின்னாத பிள்ளைக்கு எங்க தட்டு எதுக்குன்னு விட்டுட்டேன். அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. தனக்குத் தட்டு தனியா இருக்குன்னு மட்டும் தெரியும். அடுக்களையில தேடியிருக்கு, காணோம். புறவாசலுக்குப் போயி பாத்தா, கட்டைச் சுவர்மேல, வீட்டுல ஒரு பாத்திரத்தோடயும் ஒட்டாம, ஸ்டிக்கர் ஒட்டின புதுத் தட்டு ஒண்ணு, தம்ளர் ஒண்ணு. வேற யாருக்கு இருக்கும்? 'எனக்காக எவ்வளவு சுத்தமா, காத்தோட்டமாத் தனியா வச்சிருக்காவ'ன்னு அதுக்குக் கண்ணு கலங்கிட்டாம். மிருணாகிட்ட பெறவு சொல்லியிருக்கு.

ஒரு வாரம்! காலையில முப்பிடாதி அதுல காப்பி குடிச்சு, கழுவிக் கவுத்திட்டுப் போறா. மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து தாமரை அதுல சோறு தின்னு, கழுவிக் கவுத்துது. நான் புறவாசல் பக்கம் அந்த நேரத்துல எட்டிப் பாத்தாத்தான? எம்மக டியூஷனுக்குப் போயிருவா. அத்தான் இருக்காவளே, எங்க வீட்டுக்காரவ, அவுகளுக்குத் தன் தட்டு எதுன்னே தெரியாது.

சனிக்கிழமை வந்து சேந்துச்சு வினை. அன்னிக்குப் பிள்ளையளுக்கு லீவு. நான் முப்பிடாதி தம்ளர்ல உசக்கேர்ந்து காப்பி ஊத்திட்டு இருக்கேன், அவ புடிச்சிக்கிட்டு நிக்கா. தாமரை கொட்டாவி விட்டுக்கிட்டே வெளிய வந்துச்சு. பாத்துச்சு. தம்ளரக் காட்டி, தனக்குத் தெரிஞ்ச நாலு தமிழ்ல, 'அம்மா, அது என் தம்ளர்'னுச்சு.

ஒரு ஊரான் வீட்டுப் பிள்ளை, எங்க வீட்டு விருந்தாளி, ஒரு வாரமா முப்பிடாதி தட்டுல சாப்பிட்டிருக்கு! இது மான்செஸ்டருக்குத் தெரிஞ்சா எம்மக பயணம் என்னாகும்? அவுக அம்மா பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி, 'உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வேண்டாம்'னுட்டா? என் நாத்தனார் மூஞ்சிதான் எங்கண்ணுக்கு முன்ன வந்து நின்னுச்சு, பல்லு முப்பத்திரெண்டும் தெரிய.

மிருணா வெளிய ஓடியாந்தா. 'இது அவங்க தம்ளர், உன்னது இல்ல'ன்னு சொல்லியிருக்கா. தாமரை முப்பிடாதியப் பாத்துச்சு. கட்டைச் சுவரப் பாத்துச்சு. நான் உசக்கத் தூக்கிப் பிடிச்சிருந்த காப்பிப் பாத்திரத்தப் பாத்துச்சு. பெறவு முகமெல்லாம் சிரிப்பா என்னமோ கேட்டுச்சு. 'என்னளா சொல்லுதா'ன்னு நான் எம்மகள அதட்டுனேன்.

'அவங்களும் என்னைய மாதிரிதானான்னு கேக்காம்மா. முப்பிடாதி அக்காவும் நம்ம பாத்திரத்துல சாப்பிடக்கூடாதுன்னு கட்டுப்பாடா இருக்காங்களா, அவங்க சாமி அப்படிச் சொல்லியிருக்கான்னு கேக்கா.'

பாத்தியளா, சாமியாப் பாத்து வழி விட்டுச்சு! நான் விடுவனா? 'ஆமான்னு சொல்லுளா. அவளுக்கு நேர்த்திக்கடன், வெளி வீட்டுப் பாத்திரத்துல சாப்பிட மாட்டான்னு சொல்லு'ன்னேன். எம்மக என்னையவே பாத்துக்கிட்டு நிக்கா. 'சொல்லுளா மூதி, சீமைக்குப் போகணுமா வேண்டாமா'ன்னேன். சொன்னா. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னா.

தாமரைக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! ஊரு விட்டு ஊரு வந்து தன் இனத்து ஆளக் கண்ட மாதிரி முப்பிடாதி கையப் புடிச்சிக்கிடுச்சு. 'உங்களுக்குக் கஷ்டமா இல்லியா, பசிச்சா என்ன செய்வீங்க'ன்னு மிருணா வழியாக் கேக்கு. உள்ள ஓடிப்போயி தன் பையிலேர்ந்து பிஸ்கட் பாக்கெட் எடுத்தாந்து, 'இது நீங்க சாப்பிடலாம், சுத்தமானது'ன்னு குடுக்கு.

முப்பிடாதி என்னைய ஒரு பார்வை பாத்தா. பெறவு நிதானமா, 'ஆமா பாப்பா, நான் கண்ட வீட்டுலயும் கை நனைக்க மாட்டேன்'னா. காப்பிய அப்படியே செடிக்கு ஊத்திட்டு, தாமரைகூடப் படியில உக்காந்து அந்தப் பிஸ்கட்டத் தின்னா. பாஷை தெரியாத ரெண்டும் என்னத்தப் பேசிச்சோ, ஒரே சிரிப்பு. அடுக்களை ஜன்னல்லேர்ந்து நான் பாத்துக்கிட்டு நிக்கேன், என் வீட்டுல நான் வேத்தாளு.

அதோட விட்டாளா? திங்கக்கிழமை காப்பி ஊத்தப் போனா, 'வேண்டாம்மா, நான் நேர்த்திக்கடன்லா'ங்கா. இட்லி வேண்டாம். தண்ணி வேண்டாம். வெயில்ல தேச்சு முடிச்சு, நாக்கு வறண்டு, தெருக்குழாயில போயி குடிச்சிட்டு வாரா, தெருவே பாக்க. நான் அவளுக்குக் கௌரவம்தானம்மா குடுத்தேன்? விரதக்காரின்னு சொன்னேன், திருடின்னா சொன்னேன்? அந்த வாரக் கடைசியில, சுரண்டைப் பக்கம் மக வீட்டோட போய் இருக்கேன், இனிமே வரலன்னுட்டா. இன்னிய வரைக்கும் ஒரு உருப்படியான ஆள் கிடைக்கல எனக்கு. பாருங்க என் கைய, சோப்புல வெந்து கிடக்கு.

பிள்ளையள் ஊருக்குத் திரும்புதன்னைக்கு எம்மக, அந்த அரிச்சந்திரன் பேத்தி, எல்லாத்தையும் தாமரைகிட்ட ஒப்பிச்சிட்டா. முப்பிடாதிக்கு விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல, நாங்கதான் அப்படி வச்சிருக்கோம்னு. எனக்கு உசுரே இல்ல. ஆனா தாமரை என்ன சொல்லிச்சு தெரியுமா? 'அப்ப நான் அவங்ககிட்ட கேக்காம அவங்க தட்ட எடுத்துட்டேனே'ன்னு அழுதுச்சாம். யாரு தட்டுல சாப்பிட்டோம்னு அதுக்குக் கவலையில்ல, கேக்காம எடுத்துட்டோம்னு கவலை! முப்பிடாதி வீடு எங்க, மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்னு நின்னுச்சாம். வண்டிக்கு நேரமாச்சுன்னு ஏத்தி விட்டாவ. எனக்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டுட்டுப் போச்சு.

நான் பயந்த மாதிரி ஒண்ணும் நடக்கல. போன வாரம் தாமரை அம்மா வீடியோவுல வந்தாவ. நல்ல லட்சுமி களை. மிருணா சைவம்னு, எம்மகளுக்குன்னு ஒரு அலமாரியே ஒதுக்கி, புதுச் சட்டி, புதுத் தட்டு, கரண்டி எல்லாம் வாங்கி அடுக்கி வச்சிருக்காவ. கறி, முட்டை எதுவும் இதுல பட்டதில்ல, பிள்ளை பயமில்லாமச் சாப்பிடலாம்னு ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்டுதாவ. எனக்குக் கண்ணு நிறைஞ்சிட்டு. என்ன மரியாதை! எம்மவளுக்குன்னு தனியா! உடனே நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லணும்னு துடிக்கேன், திரும்பிப் பாத்தா மிருணாவக் காணோம்.

கட்டில்ல குப்புறக் கிடக்கா. நான் போகலங்கா.

'ஏளா, கிறுக்கு புடிச்சிருக்கா'ன்னேன். 'அந்த அலமாரிக்கு முன்ன போயி எப்படிம்மா நிப்பேன்? அவ அம்மா உங்க வீட்டுலயும் தனித் தட்டு உண்டாமே, யாருக்குன்னு கேட்டா, திரும்பவும் நேர்த்திக்கடன்னு சொல்லவா'ங்கா. கெஞ்சினேன், ஏசினேன், ரெண்டு நாள் பேசாம இருந்தேன். அசையல. டிக்கெட்டு எடுக்கக் கடைசி நாள் நாளைக்கழிச்சு. முடிவாச் சொல்லுதா: 'நீ முப்பிடாதி அக்கா வீட்டுக்குப் போயி, அவங்க கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடி. வீடியோவுல நான் பாக்கணும். பாத்தா ப்ளேன் ஏறுதேன்.'

அத்தான்கிட்ட முறையிட்டா, பேப்பருக்குள்ள இருந்துக்கிட்டு, 'தண்ணிதான, குடிச்சிட்டு வாயேன்'ங்காவ. பாவி மனுசன், தான் போறேன்னு சொல்லுதாவளா பாருங்க.

சொல்லுதேன், மனசுக்குள்ள வச்சுக்கிடாம சொல்லுதேன், எனக்கு வருத்தம்மா. வயித்துல சுமந்து பெத்தவ. நான் ஊட்டுன சோத்துல வளந்தவ. இப்ப என் கையால சோறு வாங்கும்போது என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கா. அதுதான் தாங்கல. அதுக்காகத்தான் போறேன், ப்ளேனுக்காக மட்டும் இல்ல.

நல்லவேளை, நேத்து முப்பிடாதிக்குப் போன் போட்டேன். வரலாமான்னு கேட்டேன். விஷயத்தச் சொன்னேன், தண்ணி, வீடியோ, எல்லாம். சண்டை புடிப்பாளோன்னு பயந்துக்கிட்டுத்தான் சொன்னேன். ஆனா அவ குணசாலிம்மா, என்ன இருந்தாலும் எங்க வீட்டுல பழகுன மரியாதை. 'தாராளமா வாங்கம்மா. எப்பவாச்சும் நீங்க வருவீங்கன்னு உங்களுக்குன்னு ஒரு புதுத் தம்ளர் வாங்கி வச்சிருக்கேன். எங்க பாத்திரத்தோட சேக்கல. புறவாசல்ல, கட்டைச் சுவர்மேல, தனியாக் கவுத்தி வச்சிருக்கேன். உசக்கேர்ந்தே ஊத்துதேன், உங்கமேல எங்க கை படாது'ன்னா.

எனக்கு மலையே இறங்கின மாதிரி இருந்துச்சு. பாருங்க, படிக்காதவளா இருந்தாலும் எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சு வச்சிருக்கா. பின்னால அவ வீட்டுல யாரோ கெக்கெக்கேன்னு சிரிச்சாப்ல கேட்டுச்சு. டிவி ஓடிட்டு இருந்திருக்கும்.

விலக்கு வந்துட்டு போலருக்கே. அந்தக் கூடையக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. ஏம்மா? இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாம வந்திய, இப்ப எதுக்கு நீங்களும் சிரிக்கிய?